தபாய் இருதயராஜ்

பொண்டாட்டி வாயால ஒரு ‘ங்க’ வாங்காம விடறதில்லைன்னு ஆம்பூர் இருதயராஜ் சபதமே எடுத்துட்டாரு. மனுஷன் இன்னா, சொத்தா கேட்டாரு? ஒரே ஒரு ‘ங்க’. பக்கத்து வீட்டு முஜாஹிதை அவன் வீட்டுக்காரி கௌசர் ‘ஏங்க’ன்னு கூப்பிடறப்பல்லாம் நம்மாளுக்கு வயிறு எரியும். இவரு வீட்டுக்காரி சௌந்தர்யா கூப்பிடறது ‘யோவ்’. அதுவும் தெருமுனை வரைக்கும் கேக்கும்.

சந்தர்ப்பம் தானா வந்துச்சு. சௌந்தர்யா ஷூ கம்பெனியில தையல் லைன் சூப்பர்வைசர். அவ லைன்ல நேபாளத்துப் பொண்ணுங்க வேலை செய்யறாங்க.

“யோவ், எனக்கு நேபாளி கத்துக்குடு. எந்நேரமும் போனைத்தானே நோண்டிக்கினு கெடக்கற?”

இருதயராஜ் நாலு வீடியோ பாத்தாரு. வாத்தியாராவே ஆயிட்டாரு.

“ரொம்ப ஈஸி. நம்ம தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியிலதான் வரும். ‘ம பாத் கான்ச்சு’. நான் சோறு சாப்பிடறேன்.”

“சரி, ‘நீ’க்கு இன்னா?”

இதுக்குத்தானே காத்துக் கெடந்தாரு! “கூட்டாளின்னா ‘திமி’. மரியாதைன்னா ‘தபாய்’. புருஷன்னா தபாய்தான்.”

“வேற வழியே இல்லியா?”

“இலக்கணம்மா. நான் இன்னா பண்ணட்டும்?”

“வேலை சொல்லணும்னா?”

“கடைசியில ‘னுஸ்’ போட்டுக்கோ. நம்ம ‘ங்க’ மாதிரி.”

சௌந்தர்யா மறுபேச்சே பேசல. அதுலயே அவரு சுதாரிச்சிருக்கணும். எங்க!

மறுநாள் காலையில குழாயில தண்ணி வந்துது. “தபாய், பானி ல்யாவுனுஸ்!” தண்ணி கொண்டாங்க! இருதயராஜுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. ரெண்டு கையிலயும் குடத்தைத் தூக்கிக்கினு ஓடினாரு. “தபாய், ஜாடு லகாவுனுஸ்!” வாசல்லருந்து சமையல்கட்டு வரைக்கும் பெருக்கினாரு. “தபாய், லுகா துனுஸ்!” துணியெல்லாம் தொவச்சுக் காயப்போட்டாரு. இடுப்பு கழண்டு போச்சுதான். ஆனா இப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்னிக்குக்கூட அவருக்கு இல்ல.

இந்தப் பெருமையை முஜாஹித் காதால கேக்க வேணாமா? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்ட்டு வந்த கையோட அவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. உள்ளருந்து தபாய் மேல தபாயா வந்துது. இவரும் பாத்திரத்துக்கும் பக்கெட்டுக்குமா பறந்தாரு.

முஜாஹித் வயித்தைப் புடிச்சுக்கினு சிரிச்சான். “தோஸ்த், எங்க உருது மாதிரி பாதி புரியுது. மரியாதை ஜாஸ்திதான். வேலையும் ஜாஸ்தியா இருக்கே!”

அப்பத்தான் நம்மாளுக்கு உறைச்சுது. சோப்புக் கையோட சமையல்கட்டுக்குள்ள போனாரு.

“ஏன் சௌந்தர்யா, லைன்ல அந்தப் பொண்ணுங்ககிட்டயும் இப்படித்தான் நேபாளியில வேலை சொல்றியா?”

“அதுங்களுக்கு எதுக்குய்யா நேபாளி? போன மாசத்துலருந்தே தமிழ்ல சண்டை போடுதுங்க. உனக்குத்தான் தமிழ்ல சொன்னா வேலை நடக்கல.”