பட்டியலில் மூன்று திருத்தங்கள்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு மூவரும் நலம். மூவரில் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. நீ நலமாக இருப்பதாக உன் அக்கா சொன்னாள். அடுத்தவர் நிம்மதியைக் குலைத்துவிட்டுத் தூரத்தில் இருப்பவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பார்கள். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் "அத்தான், ஒரு நிமிஷம், யாரோ வந்திருக்காங்க" என்று நீ நழுவிவிடுவாய். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது. எழுதி முடித்ததும் உன் அக்கா பக்கம் பக்கமாகப் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புவாள்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உன் அக்கா சொல்லித் தெரிந்திருப்பதால் தவறாகத் தெரிந்திருக்கும். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகளை, அதாவது உன் அருமை மருமகளை, சாப்பிட மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "அஞ்சு நிமிஷம்பா" என்றாள். பதினைந்து நிமிடம் முடிந்தது. நான் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்பவன். படியிறங்கிப் போய் வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்தேன். அது ஏதோ இறுதி ஆட்டமாம், ஐந்து பெண்கள் சேர்ந்த அணியாம், இவள் நின்றதும் மற்ற நால்வரும் ஒரே நிமிடத்தில் செத்துப்போனார்களாம், விளையாட்டில்தான். மறுபடி சுவிட்சைப் போட்டபோது பழைய கம்ப்யூட்டர் 'டப்' என்றது, கருகிய வாசனை வந்தது, அதன் கதை அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து உன் மருமகள் என்னுடன் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறாள். அதில் என்னைச் 'சம்பந்தப்பட்டவர்' என்று குறிப்பிடுகிறாள். பதினாறு வயதில் நான்கு மாதம் வன்மம் வைத்திருக்க இவள் யாரிடம் கற்றாள் என்று உன் அக்காவிடம் கேட்டேன். என்னையே ஏற இறங்கப் பார்த்தாள். உங்கள் குடும்பத்தில் எவரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

இப்போது புதிய அணிக்குத் தேர்வு. நாளை, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. வீட்டில் ஓடுகிற கம்ப்யூட்டர் இல்லாதவளுக்கு அணியில் இடமில்லையாம். இடம் போனால் நான்கு மாதம் நான்கு வருடமாகும் என்று உன் அக்கா எச்சரித்தாள். அதனால்தான் மானத்தை விட்டு உன்னைக் கேட்டேன். "அத்தான், கடையில முழுசா வாங்காதீங்க, கொள்ளை விலை. பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே சேர்த்துக்கலாம், லிஸ்ட் அனுப்புறேன்" என்றாய். அந்த 'நாமளே'யில் நீ எங்கே இருக்கிறாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் கல்யாணத்தன்று என் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் நீ. இந்த இருபத்தோரு வருடங்களில் மாதம் ஒருமுறைக்கு மேல் நான் அதைப் பேசியதில்லை.

பட்டியல் வந்தது. ஏழு பொருட்கள். நான் ஒதுக்கியிருந்த தொகைக்குள் கச்சிதமாக அடங்கியது. கடைசி வரியில் 'தயவுசெய்து எதையும் மாற்ற வேண்டாம்' என்று இருந்தது. நீ வாழ்நாளில் யாரிடமும் 'தயவுசெய்து' என்று சொன்னவன் இல்லை, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வரி என்னைச் சீண்டிவிட்டது. மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் இருபத்துநான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பட்டியலும் என் மேசைக்கு வந்தபடியே வெளியே போனதில்லை. தலைமை அறுவை மருத்துவர் கேட்ட பொருளையே சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'சமமான மலிவான பொருள்' என்று எழுதியவன் நான். (அதற்குப் பரிசாக, என்னிடம் கோப்புக் கட்டக் கற்றுக்கொண்டவனை என் தலைமேல் உட்காரவைத்தார்கள். அது வேறு கடிதம்.) ஆகவே உன் பட்டியலில் மூன்று திருத்தங்கள் மட்டும் செய்தேன். எல்லா உறுப்புகளையும் தாங்குகிற மதர்போர்டுக்கு மலிவான ஒன்று. மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளைக்கு மலிவான ஒன்று. நீ எழுதியிருந்த கறுப்புத் தகரப் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. மிச்சப்பட்ட பணத்தில், பக்கவாட்டில் கண்ணாடியும் உள்ளே வண்ண விளக்குகளும் வைத்த பெட்டி ஒன்று. உன் மருமகளுக்குப் பிடிக்குமே என்றுதான்.

கடைக்காரர் எந்நேரமும் நீலக் கையுறை அணிந்திருப்பவர். அவரைக் கையுறை என்றே குறிப்பிடுகிறேன்.

"லிஸ்ட்ல வேற போர்டு இருக்கே சார்?"

"அதுக்குச் சமமானது குடுங்க. விலை குறைச்சலா."

"சமம்னா... இதுவும் போர்டுதான் சார்."

"அதைத்தான் நானும் கேட்டேன்."

வீட்டுக்கு வந்து பார்த்தால், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கு அடியில் ஊசி ஊசியாகக் கால்கள். அவை இறங்கி உட்கார போர்டில் ஓட்டைகள் இருக்க வேண்டும். இந்தப் போர்டிலோ ஓட்டை இல்லை, அதிலும் ஊசிகள். இரண்டு முள்ளம்பன்றிகளைக் கட்டிப்பிடிக்கச் சொன்னது போல இருந்தது. திரும்ப ஓடினேன். கையுறை எந்த உணர்ச்சியும் காட்டாமல், "லிஸ்ட்ல இருக்குற போர்டையே தரட்டுமா சார்?" என்றார். "லிஸ்ட்ல இருக்குன்னு இல்ல, நானா யோசிச்சுக் கேக்குறேன்" என்று திருத்தினேன். அடுத்து கிராபிக்ஸ் கார்டு, விளையாட்டின் படங்களைத் தீட்டுகிற தடித்த பலகை. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மறுபடி கடை. "இந்தப் பெட்டி லைட்டு வைக்கத்தான் சார் பண்ணியிருக்காங்க, கார்டு வைக்க இல்ல" என்றார். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பிறகு பார்த்தால் என் பவர் சப்ளையில் கார்டுக்குப் போகவேண்டிய வயரே இல்லை. மறுபடி கடை. இம்முறை நான் வாய் திறக்குமுன்பே பட்டியலில் இருந்தது மேசைமேல் தயாராக இருந்தது. "இப்ப முழு லிஸ்ட்டும் வந்துருச்சு சார்" என்று, நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில் சொன்னார். ஆக, நான்கு நடைக்குப் பிறகு என் சாப்பாட்டு மேசைமேல் இருப்பது எழுத்துக்கு எழுத்து உன் பட்டியல்தான். இது தற்செயல். நீ இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இன்று விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலிருந்து திருப்புளியும் கையுமாக உட்கார்ந்தேன். உன் மருமகள் தண்ணீர் குடிக்கும் சாக்கில் ஒன்பது முறை அந்தப் பக்கம் போனாள். ஒன்பது முறையும் பார்த்தாள், பேசவில்லை. பத்தாவது முறை ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு: 'சம்பந்தப்பட்டவர் கவனத்திற்கு: வேலை செய்யுமுன் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளவும்.' என்னைச் சபிக்கிறாளோ என்று நினைத்தேன். உடம்பில் தேங்கும் மின்சாரம் பாகங்களைக் கெடுக்குமாம், உன் அக்கா விளக்கினாள். மாலை ஐந்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுழன்றன. திரையில் கறுப்பு. நடுவில் 'சிக்னல் இல்லை'. அணைத்துப் போட்டேன், தட்டிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். சிக்னல் இல்லை. காரணம் வெட்டவெளிச்சம்: யாரோ பயன்படுத்திக் கழித்த பழைய கிராபிக்ஸ் கார்டைப் பட்டியலில் எழுதினாய். புத்தியுள்ள எவனாவது அப்படி எழுதுவானா?

"அவளைக் கூப்பிட்டுக் கேளுங்களேன்" என்கிறாள் உன் அக்கா. எப்படிக் கேட்பது? நான் முதலில் வாயைத் திறந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது தப்பு என்று ஆகிவிடாதா? ஆகவே நாளை முதல் பேருந்தில் புறப்பட்டு வந்து, உன் பட்டியல் செய்த அநியாயத்தை நீயே நான்கு மணிக்குள் சரிசெய்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கு உண்டான ஆசியை, மேற்கண்ட குறைகள் நீங்கியபின் நேரில் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம்.

படமெடுக்கப் பக்கங்களைப் பரப்பிய உன் அக்கா, இரண்டாம் பக்கத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "ஏங்க, இது தம்பி போட்ட லிஸ்ட்டே இல்ல. அவனுக்கு டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாட்டத் தெரியாது. உங்க பொண்ணு ஒரு வாரம் உட்கார்ந்து போட்டது. அவ கையால வந்தா நீங்க பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டீங்கன்னுதான் அவன் மூலமா அனுப்பச் சொன்னா" என்றாள். பிறகு உன் மருமகளின் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். முதலில் விளக்கு வைத்த பெட்டிதான் எழுதியிருந்தது, கார்டு நன்றாக உள்ளே போகிற அளவில். புதுக் கார்டுதான் எழுதியிருந்தது. என் தொகையைத் தெரிந்துகொண்ட பிறகு அவளே அடித்திருக்கிறாள், சிவப்பு மையால். பக்கத்தில் 'சமமான மலிவான பொருள்' என்று என் எழுத்தைப் போலவே எழுதியிருக்கிறாள். அடித்த இடம் ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. இருபத்துநான்கு வருடத்தில் அப்படி ஒரு பட்டியல் என் மேசைக்கு வந்ததில்லை.

ஃபிரிட்ஜில் நானும் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'சம்பந்தப்பட்டவர் எழுதுவது: பட்டியல் சரி. திருத்தங்கள் தப்பு. சுவிட்சை அணைத்ததும் தப்பு.' தண்ணீர் குடிக்க வந்தாள். படித்தாள். தண்ணீர் குடிக்காமல் மேசைக்கு வந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, திரையின் கேபிளை மேலே மதர்போர்டில் இருந்த ஓட்டையிலிருந்து பிடுங்கிக் கீழே இருந்த கார்டில் செருகினாள். "இதுலப்பா. மேல இருக்குறது சும்மா" என்றாள். நான்கு மாதத்தில் முதல் பேச்சு. திரையில் வெளிச்சம் வந்ததை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றாள் உன் அக்கா. இவ்வளவு நன்றாக அமைந்த கடிதத்தை வீணாக்க எனக்கு மனமில்லை. பட்டியல் பற்றிய இடங்களை மட்டும் நீக்கிப் படி. செருப்பு விஷயம் அப்படியே நிற்கிறது. நாளை மாலை நான்கு மணிக்கு எங்களைத் தொலைபேசியில் அழைக்காதே. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருக்க எனக்கு உத்தரவாகியிருக்கிறது. உன் அக்கா எதற்காக அவளைக் கூப்பிட்டாலும், "அஞ்சு நிமிஷம்" என்று சொல்ல வேண்டியதும் நான்தான்.