ஒரு குடம் முன்னால்

உலகத்துச் சாம்ராஜ்யங்கள் வாளாலும் பீரங்கியாலும் எழுந்தன என்று சரித்திர ஆசிரியர்கள் கை வலிக்க எழுதியிருக்கிறார்கள். பாவம், அவர்கள் பரளச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருவேலங்குளத்துக்கு வந்ததில்லை. அங்கே ஒரு சாம்ராஜ்யம் பதினைந்து ரூபாய் பிளாஸ்டிக் விசிலால் எழுந்தது. அதை எழுப்பிய பெருமை ஜெகதீஸ்வரியைச் சேரும். மகளிர் குழுவின் தீர்மான நோட்டை எழுதுகிறவள் அவள்தான். ஊரிலேயே அழகான கையெழுத்து.

கருவேலங்குளத்தில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் ஒன்றரை மணி நேரம் வரும். அப்படி ஒருமுறை வருவது ஊர்க் கணக்கில் ஒரு ‘தண்ணி’. வீட்டுக்கு நான்கு குடம். ஆகவே இந்த ஊரில் குடம்தான் ஆள். காலையில் காலிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்காரி களையெடுக்கப் போய்விடலாம். குடம் நின்றால் அவள் நின்ற மாதிரி. கூடப்பிறந்தவனை நம்பாதவர்கள்கூட இந்தச் சட்டத்தை நம்பினார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வந்த நிமிடம் சட்டம் போய்ச் சண்டை வந்துவிடும்.

போன சித்திரையில் குருவம்மாளும் பாண்டீஸ்வரியும் கட்டிப் புரண்டதில் ஜெகதீஸ்வரியின் இரண்டு குடங்கள் நசுங்கின. அவள் மகள் ரேணுகாதேவி ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக வீட்டுக்கு வந்திருந்த நேரம். பிள்ளை பிறந்தால் அலசவும் குளிப்பாட்டவும் தண்ணீருக்கு எங்கே போவது என்பது ஒன்றுதான் ஜெகதீஸ்வரிக்குக் கவலை. அந்தக் கவலையில்தான் வாயைத் திறந்தாள்.

“யாராச்சும் ஒருத்தர் நின்னு ஒழுங்கு பண்ணணும். நம்ம தங்கபாண்டி சும்மாதான இருக்கான்.”

தங்கபாண்டி சும்மா இருப்பதில் இருபது வருட அனுபவம் உள்ளவன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து திருச்சுழி பஸ் வருவதையும் போவதையும் கவனிப்பான். ஏறமாட்டான்.

“எனக்குப் பதவி ஆசையெல்லாம் கெடையாது மதினி. நாலு தண்ணிக்கு நிக்கிறேன். அப்பறம் வேற ஆளப் பாத்துக்கங்க.”

முதல் தண்ணிக்கு விசிலோடு வந்தான். ஊதினான். அடேயப்பா, வரிசை என்றால் அப்படி ஒரு வரிசை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒன்றைத் தனியாகப் பாராட்ட வேண்டும்: அவன் எந்தக் குடத்தையும் தொடமாட்டான். ஊதுவான், விரலை நீட்டுவான். பக்கத்தில் நிற்பவள் நகர்த்துவாள். ஜெகதீஸ்வரி அன்றைக்கு நான்கு குடத்தையும் நிம்மதியாகச் சுமந்துகொண்டு போனாள்.

நாலாவது தண்ணியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அன்றிலிருந்து அவனை ‘அவர்’ என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தாவதில் குடை வந்தது. குடையோடு அவர் வீட்டுக் குடங்களும் வந்து முதலில் நின்றன. ஒழுங்குக்கே தாகம் எடுத்தால் ஊர் என்ன ஆகும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆறாவதில் பந்தல்குடியில் அடித்த ஃப்ளெக்ஸ் வந்தது. அதில் அவர் அருவிக்கு முன்னால் கோட்டுப் போட்டு நின்றார். ‘குழாயடி எழுச்சிப் பேரவை’ உதயமாகிவிட்டது. அவர் அதன் தலைவர், ஜெகதீஸ்வரி பொதுச் செயலாளர். மகளிர் குழு நோட்டின் பின்பக்கம் பேரவையின் தீர்மானப் பக்கமானது.

பேரவை இருந்தால் அதற்கு ஓர் எதிரி வேண்டும். ஏழாவது தண்ணியில் தலைவர் எழுந்தார்.

“வரிசை ஏன் இம்புட்டு நீளமா இருக்கு? யோசிச்சீகளா?”

நாற்பது வீடு இருப்பதால் என்று நினைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார்கள்.

“வெளிக்குடம்,” என்றார் தலைவர். விரல் சைதுன் பீவியின் குடங்கள் மேல் போய் நின்றது. அவள் வீட்டுக்காரர் அப்துல் பாரி துபாயில் வேலை பார்க்கிறார். குடம் அருப்புக்கோட்டையில் வாங்கியது. எல்லோருடைய குடமும் அருப்புக்கோட்டையில் வாங்கியதுதான். ஆனால் தலைவர் பேசும்போது அதை ஞாபகப்படுத்துவது மரியாதையாக இருக்காது.

“நான் இங்க வாக்கப்பட்டு வந்து இருவத்தேழு வருசம் ஆச்சு,” என்றாள் சைதுன் பீவி. “எங்குடம் எப்பிடிப்பா வெளிக்குடம்?”

“கோவப்படாதீக. ஜனநாயகப்படியே கேட்டுருவோம்.” தலைவர் வரிசையைப் பார்த்தார். “இத எதுக்கிறவுக யாரும் பயப்பட வேணாம். அவுகவுக குடத்த வரிசைய விட்டு எடுத்தாப் போதும்.”

எடுத்தால் முறை போச்சு. இன்னும் நான்கு நாள் உப்புத்தண்ணீர். ஒரு குடமும் அசையவில்லை. ஜெகதீஸ்வரி மட்டும் தன் குடங்களைக் குனிந்து பார்த்தாள். சைதுன் பீவி அவளுக்கு நசுங்கிய குடங்களுக்குப் பதில் இரண்டு குடம் இரவல் கொடுத்தவள். அந்த இரண்டும் இப்போதும் அவள் வரிசையில்தான் இருந்தன. ஆனால் தலைவரின் விரல் ஜெகதீஸ்வரியைப் பார்த்து நீண்டது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. ஜெகதீஸ்வரி குனிந்து, சைதுன் பீவியின் நான்கு குடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வேப்பமரத்தடியில் பதவிசாக வைத்தாள். திரும்பி வந்தபோது அவள் குடம் ஒரு இடம் முன்னால் போயிருந்தது.

‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று நோட்டில் எழுதினாள். அந்த ‘ஏ’ மிக அழகாக விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு முன்னேற்றம்தான். “நாலு தண்ணி முடிஞ்சு நாலு தண்ணி ஆச்சேப்பா” என்று கேட்ட பால்சாமியின் குடங்கள் மரத்தடிக்குப் போயின. விசில் ஊதும்போது சிரித்த முத்துத்தாயின் குடங்கள் போயின. மரத்தடிக் குடங்களுக்கு வரிசை முடிந்தபின் குழாய் சொட்டுவது கிடைக்கும். ஒவ்வொருவர் போகும்போதும் மற்றவர்கள் ஒரு குடம் முன்னால் வந்தார்கள். இப்படிப்பட்ட வளர்ச்சியை எந்த ஆட்சி கொடுத்திருக்கிறது? பதினொன்றாவது இடத்தில் இருந்த ஜெகதீஸ்வரி எட்டாவது இடத்துக்கு வந்துவிட்டாள். தலைவர் நிரந்தரத் தலைவரானபோதும் ஒரு குடமும் அசையவில்லை. நோட்டில் இன்னொரு அழகான ‘ஏ’.

பதினாறாவது தண்ணிக்கு முந்தின நாள் ரேணுகாதேவி பெண் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மறுநாள் ஜெகதீஸ்வரி ஆறு குடங்களோடு நின்றாள்.

“பிள்ள பெத்த வீடு தம்பி. ரெண்டு கொடம் கூடப் பிடிச்சுக்கிறேன்.”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மதினி.”

தலைவர் வீட்டு வாசலில் நிரம்பி நின்ற பதினெட்டுக் குடங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

ஜெகதீஸ்வரிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “நாந்தானப்பா ஒன்னய இங்க நிக்க வச்சேன்.”

“என்னய யாரும் நிக்க வைக்கல. காலம் நிக்க வச்சுச்சு.” தலைவர் வருத்தத்தோடு எழுந்தார். “பேரவைக்குள்ளயே சதி. கேட்டுருவோம். இவுகள வெளியேத்துறத எதுக்கிறவுக, குடத்த எடுங்க.”

ஜெகதீஸ்வரி வரிசையைப் பார்த்தாள். எல்லோரும் தங்கள் குடத்தைப் பார்த்தார்கள்.

“குருவம்மா, நீயாச்சும் சொல்லேன்.”

“எங்க வீட்லயும் தண்ணியில்ல மதினி,” என்றாள் குருவம்மாள். விரல் அவளைப் பார்த்து நீண்டிருந்தது. ஆறு குடங்களையும் அவள்தான் எடுத்துப் போய் மரத்தடியில் வைத்தாள். வந்து, காலால் தன் குடத்தை ஒரு இடம் முன்னால் தள்ளிக்கொண்டாள்.

“நோட்ட முடிச்சுட்டுப் போங்க மதினி,” என்றார் தலைவர். “உங்க கையெழுத்து மாதிரி வராது. எழுதிட்டீகன்னா இன்னைக்கு மட்டும் கடைசில ரெண்டு கொடம் பிடிச்சுக்கங்க.”

வீட்டில் குழந்தை அழுவது கேட்டது. ஜெகதீஸ்வரி எழுதினாள். ‘ஏகமனதாக.’ ‘ஏ’ மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது.

மரத்தடியில் சைதுன் பீவி தன் குடங்களைத் தள்ளி இடம் விட்டாள்.

“என்னய மன்னிச்சுரு பீவியக்கா.”

“அன்னைக்கு நீயும் எங்குடத்த இப்பிடித்தான் வச்ச, ஒடையாம,” என்றாள் சைதுன் பீவி.

தங்கபாண்டியைக் கொடுங்கோலர் என்று யாராவது எழுதினால், கருவேலங்குளம் அதை வன்மையாக மறுக்கிறது. அந்தக் கோடை முழுக்க அவர் ஒரு குடத்தைக்கூடத் தொட்டதில்லை. நோட்டு இருக்கிறது, புரட்டிப் பார்க்கலாம். எடுத்து வைத்ததெல்லாம் நாம்தான்.