டிரக்கின் மூக்கைத் தூக்கிய வேலுமணி

மகளை அனுப்புவதில்லை என்று வேலுமணி முடிவு செய்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி நாகமணி சிரிப்பாள். சிரித்துவிட்டு அனுப்பியும் வைப்பாள்.

ஒரேயடியாக நிறுத்துகிற துணிச்சல் அவருக்கும் இல்லை. நாலு நாள் தள்ளிப்போனால் போதும்.

மகள் வெண்பாவுக்குக் கல்லூரி டெக்சாஸின் மேற்கே லபக் என்கிற ஊரில் கிடைத்திருந்தது. காரில் போனால் எட்டு மணி நேரம். “பேரைப் பாரு நாகு. லபக். பொண்ணை லபக்குன்னு முழுங்கத்தான் இப்படிப் பேரு வெச்சிருக்கான்” என்று ஏப்ரலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை வெண்பா சிரித்தாள். ஆகஸ்டில் யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

அவர் போட்ட திட்டம் இது. நாள் பார்க்காமல் மகளை வாசல் தாண்ட விடுகிறவள் இல்லை நாகமணி. சனிக்கிழமை காலை எட்டு மணி என்று குறித்திருந்தாள். ஞாயிறு மேற்கே சூலம், லபக்கோ மேற்கே இருந்தது. திங்கள் அஷ்டமி. செவ்வாய், பேச்சே இல்லை. ஆக, சனி தவறினால் புதன்தான். கல்லூரி விடுதியும் புதன் வரை சேர்த்துக்கொள்ளும். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை காலை வீட்டு பிக்கப் டிரக் நகரக் கூடாது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வாசலிலேயே டிரக்கை ஜாக் வைத்துத் தூக்கினார்.

கராஜில் ஒரு லெவலிங் கிட் பிரிக்காமல் கிடந்தது. அந்த டிரக்குக்கு முன்பக்கம் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும், எதையோ தொலைத்துவிட்டுத் தரையில் தேடுகிற ஆள் மாதிரி. சக்கரத்தைக் கழற்றி, சஸ்பென்ஷனை இறக்கி, அதன் தலையில் இரண்டு அங்குலக் கட்டை ஒன்றை வைத்து முடுக்கினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு சமமாக நிற்கும். அவ்வளவுதான் லெவலிங் கிட்.

“ஏனுங், நாளைக்கு ஊருக்குப் போற வண்டிய இன்னிக்கு எதுக்குங் கழட்டறீங்க?”

“பின்னாடி அத்தனை லோடு ஏத்தறோம். லெவல் முக்கியம் நாகு.”

“லோடு ஏத்துனா பின்னாடிதானுங்க அமுங்கும்? நீங்க முன்னாடியத் தூக்கறீங்க?”

எண்ணெய்க் கம்பெனியில் இருபது வருஷமாக எஞ்சினியராக இருக்கிறவருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. டிரக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பதில் இல்லாத புருஷனுக்கு அதைவிட நல்ல இடம் அமெரிக்காவில் இல்லை.

“எவ்வளவு நேரமுங் ஆகும்?”

“வீடியோல ரெண்டு மணி நேரம்னு சொன்னான்.”

“அவன் பொண்டாட்டி எவ்வளவு நேரம்னு சொன்னாளாம்?”

சாயங்காலத்துக்குள் இரண்டு முன்சக்கரங்களும் புல்லில் படுத்திருந்தன. வேலுமணி ஒரு நட்டை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு, “ஐயோ, ஒரு நட்டக் காணோம்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

வெண்பா போன் வெளிச்சத்தோடு ஓடி வந்தாள். அவருக்குப் பக்கத்தில் மண்டி போட்டுக் கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து தேடினாள்.

“அப்பா, வேர் டிட் யூ லாஸ்ட் சீ இட்?”

“இங்கதான் கண்ணு. உருண்டிருச்சு.”

அவள் நட்டைத் தேடினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் முழுக்க அவள் அறைக்கதவு மூடியே இருந்தது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம், அவள் உட்கார்ந்தே பல மாசமாகியிருந்தது.

“அங்க போறதுக்குப் பயமா இருக்கா கண்ணு?”

“எ லிட்டில்.” போனை இன்னும் உள்ளே நீட்டி, “டோன்ட் டெல் அம்மா” என்றாள்.

பாக்கெட்டுக்குள் நட்டு சுட்டது. எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று கை போனது. கொடுத்தால் நாளைக்கே போய்விடுவாள். கையைக் கீழே இறக்கிவிட்டார்.

கராஜ் வாசலில் நாகமணி நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. “சாப்பிட வாங்க. நட்டு எங்க போயிரும்” என்றாள்.

சனிக்கிழமை காலை, எட்டு மணி. நாகமணி சத்தம் போடுவாள் என்று தயாராக இருந்தார். அவள் விளக்கேற்றினாள். வெண்பாவின் நெற்றியில் திருநீறு பூசினாள். மகளின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மரகதத்திடம் போனாள். வெறும் கையோடு திரும்பி வந்தாள்.

“பை எங்க நாகு?”

“மரகதக்கா வீட்டுல பரஸ்தானம் வெச்சாச்சுங்.”

வேலுமணி எதிர்வீட்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

“நல்ல நேரத்துல பை கிளம்பிருச்சு. பை கிளம்பினா ஆளு கிளம்பின மாதிரிதானுங். இனி எப்ப வேணாலும் போலாம்.”

இது அவருக்குத் தெரியாததா? அவர் முதன்முதலாக விமானம் ஏறியபோது அவர் பெட்டியும் இரண்டு நாள் பக்கத்து வீட்டில்தான் உட்கார்ந்திருந்தது. சூலம், அஷ்டமி எல்லாம் யோசித்தவர் இதை மட்டும் மறந்துவிட்டார்.

“போறதுக்கு வண்டி?”

“மரகதக்கா வீட்டுக்காரர் மினிவேன் தர்றாருங். பேர்லேண்ட் கோயிலுக்குப் போயிருக்காரு, பதினோரு மணிக்கு வந்துருவாரு. நானே ஓட்டிட்டுப் போயிருவேன்.”

“அப்ப நானும் வர்றேன்!”

“இத இப்படியே விட்டுட்டா?” நாகமணி டிரக்கைக் காட்டினாள். முன்சக்கரம் இரண்டும் இல்லாமல், இரண்டு ஸ்டாண்டின் மேல், நடைபாதை வரை வாலை நீட்டிக்கொண்டு நின்றது. “தெருப் பசங்க பந்து எடுக்க அடியில பூந்தா என்னங் ஆகும்?”

வேலுமணி ஓடினார். நட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். யாரும் எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. மூன்று மணி நேரம் இருந்தது, முடித்துவிடலாம். ஆனால் இழுத்தடிக்க வேண்டும் என்றபோது சமர்த்தாக இருந்த சாமான், முடிக்க வேண்டும் என்றபோது முரண்டு பிடித்தது. ஓட்டைக்கு நேராக போல்ட் வரவில்லை. ஒரு விரல்கடை விலகியே நின்றது. நெம்பினார். தட்டினார். மேலே ஏறி உட்கார்ந்தார். கடைசியில், “தயவுபண்ணி உள்ள போயிரு” என்று கெஞ்சினார். போகவில்லை.

பதினோரு மணிக்கு மினிவேன் வந்தது. ரைஸ் குக்கர், குட்டி பிரிட்ஜ், ஊறுகாய் பாட்டில்கள் எல்லாம் ஏறின. எதிர்வீட்டுப் பையும் ஏறியது.

வெண்பா அவரிடம் வந்தாள். அவருக்கு முழங்கை வரை கிரீஸ். கையைத் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் மாட்டியவர் மாதிரி நின்றார். “டிரெஸ் கறையாயிரும் கண்ணு.”

“ஐ டோன்ட் கேர், அப்பா.” அவள் கட்டிக்கொண்டாள். அவர் கைகள் மேலேயே நின்றன. அவள் போய் முன்சீட்டில் உட்கார்ந்தபிறகும் அவற்றை இறக்கத் தோன்றவில்லை.

நாகமணி வண்டியைக் கிளப்பினாள். வேலுமணி அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“நாகு, நான் வேணும்னேதான் கழட்டினேன்.”

“தெரியுமுங். நேத்தே தெரியும்.”

“அப்பறம் ஏன் தடுக்கல?”

அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. ஒருதரம் மகளைப் பார்த்தாள்.

“டிரக்குல போனா நீங்க ஓட்டுவீங்க, அவ உங்க பக்கத்துல உக்காந்துக்குவா, நான் பின்னாடி ரைஸ் குக்கரோட வரணும். அந்த எட்டு மணி நேரம் எனக்கும் வேணுமுங்களே.”