பதினொரு பக்க ஆட்சேபனை

ஹேசல்டன்,
10 மார்ச் 1989

பெருமதிப்புக்குரிய அத்தான் செல்வரத்தினம் அவர்களுக்கு, மைத்துனன் குலசேகரம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தவநாயகியும் தேகசுகத்துடன் இருக்கிறோம். நீங்களும் சுகம் என்பதைத் தொலைபேசி மூலம் அறிந்தேன். நேற்றுப் பின்னேரம் நான் எடுத்த நாலு முறையும் நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னா. நாலு முறை குளிக்கிற மனிசருக்கு ஒரு வருத்தமும் இராது. வரும் செவ்வாய்க்கிழமை கவுன்சிலில் உங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பம் விசாரணைக்கு வருகிறது. அதைக் கெடுத்தவன் நான்தான். எப்படிக் கெடுத்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கிழிக்க முதல் ஒருக்கால் வாசியுங்கோ.

எங்கட நாட்டை விட்டு இந்த வெள்ளைக்காரர் ஊருக்கு வந்து சேர்ந்த புதிதில் வேலையில்லாமல் வீட்டிலிருந்து தவநாயகியின் கறிக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கட குறையை ஊருக்குப் போய்ச் சொல்லுங்கோ என்று அவள் ஒரு நாள் வெளியே அனுப்பினாள். போன இடத்தில் லாம்ப் போஸ்டில் ஒரு கடதாசி கட்டியிருந்தது. பாண் கடைக்காரர் கடைக் கதவை மாற்றப் போகிறாராம், ஆட்சேபனை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் எழுதட்டாம். அத்தான், நான் அதிலேயே நின்றுவிட்டேன். எங்கட பக்கத்தில் இடிக்கிறவனும் எரிக்கிறவனும் யாரிடம் கேட்டான்? முப்பது வருசம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்த என்னிடம் ஒரு மதகு உடைக்கவும் ஒருத்தரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. இங்கே ஒரு மனிதன் தன் சொந்தக் கதவுக்குக் குலசேகரத்தின் சம்மதம் கேட்டு நிற்கிறான். எழுதினேன். ஐயா, உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்தோம் என்று பதிலும் வந்தது. அதை மூன்று நாள் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்படியே ஊர்ப் பாதுகாப்புச் சங்கத்திலும் சேர்ந்தேன். பழைய கட்டடங்களைக் காப்பாற்றி, புது வீடுகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று கவுன்சிலுக்குப் புத்தி சொல்லுகிற பன்னிரண்டு தொண்டர்கள். தலைவி மிஸ் வின்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கம்பங்களில் கட்டுகிற அறிவித்தல்களை வாசிக்கிற பொறுப்பு எனக்கு. கராஜ், கண்ணாடிக் கூரை, ஒருவரின் நாய்க்கூடு, ஒன்றையும் நான் விடவில்லை. ஓம், சம்மதம் என்றும் எழுதலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்கிறார்களே, ஏதாவது சொல்லத்தானே வேணும்.

தை மாதம் பழைய வாசகசாலையின் முன்னால் ஒரு அறிவித்தல் தொங்கியது. நூறு வருசத்துக்கு முந்தி செங்கல்சூளைத் தொழிலாளர் தங்களுக்காகக் கட்டியது, இப்போது பூட்டிக் கிடக்கிறது. அதைச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடமாக மாற்றப் போகிறார்களாம். கட்டடக் கலைஞரின் பெயர் மட்டும்தான் போட்டிருந்தது. நீங்கள் இடம் தேடுவது தெரியும், ஆனால் லூயிஷாம் பக்கத்தில் என்றுதான் நினைத்தேன். கதவுத் திறப்புக் கைக்கு வந்த பிறகு சொல்லி என்னைத் திகைக்க வைக்க இருந்தீர்கள் என்று அக்கா இப்போதுதான் சொல்கிறா. நல்லாய்த்தான் திகைத்தேன். அன்றைக்கு நான் எழுதியது பதினொரு பக்கம். பிள்ளைகள் ஓடினால் ஓக் பலகைத் தளம் தேயும், அயலட்டைக்கு நித்திரை போகும் என்றெல்லாம் எழுதி, இந்த ஊரோடு தொடர்பில்லாத வெளியாட்களிடம் இக்கட்டடம் போகக்கூடாது என்று முடித்தேன்.

போன புதன்கிழமை சங்கக் கூட்டத்தில் மிஸ் வின்டர் அதை உரத்து வாசித்தா. 'வெளியாட்கள்' என்ற இடத்தில் எல்லாரும் மேசையில் தட்டினார்கள். பிறகு கோப்பைத் திறந்து விண்ணப்பதாரரின் பெயரைத் துண்டு துண்டாக வாசித்து, உச்சரிப்புச் சரியா என்று என்னைக் கேட்டா. சரி, அவர் என் அக்காவின் புருசன் என்றேன். தேத்தண்ணி ஊற்றினவர் ஊற்றுவதை நிற்பாட்டிவிட்டார்.

மிஸ் வின்டர் மெல்லச் சொன்னா: "வெளியாட்கள் என்றது உங்களை இல்லை, மிஸ்டர் குலா."

அவ நல்ல மனிசி, அன்பாகத்தான் சொன்னா. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது. அந்தச் சொல்லை எழுதினது அவவா? நான். வெட்கத்தில் என் தலை நிமிரவில்லை, அத்தான். நீங்கள் இப்போது படிப்பிக்கிற தேவாலய மண்டபத்தை ஈஸ்டரோடு பூட்டுகிறார்கள். என் பேத்தியோடு சேர்த்து அறுபத்திரண்டு பிள்ளைகள் றோட்டில் நிற்கப் போகுதுகள்.

மறுநாள் காலையே கவுன்சிலுக்கு எழுதி எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினேன். பதினொரு பக்கத்தை வாபஸ் வாங்கப் பதின்மூன்று பக்கம் தேவைப்பட்டது. சங்கத்துக்கு ராஜினாமாவும் கொடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை நானே எழும்பி, என் அத்தான் கீறுவித்த கட்டடப் படத்தில் ஒரு கோட்டையும் மாற்றாமல் அனுமதி கொடுங்கள் என்று சொல்வேன். இது சத்தியம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நல்லூரான் உங்கள் எல்லாரையும் காக்கட்டும், நேரம் மிஞ்சினால் என்னையும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மைத்துனன்,
க. குலசேகரம்

பி.கு.: கடித உறையை ஒட்ட முதல் மிஸ் வின்டர் வந்து ராஜினாமாவைத் திருப்பித் தந்துவிட்டு, வாசகசாலையைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனா. பதினொரு பக்கம் எழுதின நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. பின்சுவரில் கல்லுக்குக் கல் பெயர் இருக்கு, அத்தான். எழுத்தறியாத சூளைத் தொழிலாளர் அங்கே முதன்முதல் தங்கட பெயர் எழுதப் பழகி, சுட முதல் ஈரக்கல்லில் கீறினதாம். எல்லாம் கோணல் எழுத்து, சிலது இடம் வலமாய்த் திரும்பி நிக்குது. உங்கட படத்தில் கக்கூசுக்கு வழி விட அந்தச் சுவரைத்தான் இடிக்கக் கீறியிருக்கு. பள்ளிக்கூடம் வரட்டும், முதல் நாள் கூட்டிப் பெருக்கத் தும்புத்தடியோட நிக்கிறவன் நான். ஆனால் அந்தச் சுவரில ஒரு கல்லுக் கழர விடமாட்டன். அ, ஆ பழகிற எங்கட பிள்ளையள் அதைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும். திங்கட்கிழமைக்குள்ள படத்தை மாத்துங்கோ. மாத்தாட்டி, செவ்வாய்க்கிழமை உங்களுக்கு எதிராய் முதல் எழும்பிறவன் நான்தான்.