தீட்டுக்கல்லும் அத்தான் மீசையும்

அட்டையில் எழுதியிருப்பதை நம்பிச் சாமான் வாங்குகிறவன் உருப்பட மாட்டான். நான் உருப்படாமல் போனது என் அக்காவின் கல்யாணத்தன்று, மந்தின் என்ற ஊரில், அத்தானின் மேலுதட்டில்.

மலாய் நாட்டில் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, கேட்டில் போலீஸை நிறுத்தியிருந்தார்கள். அடையாள அட்டையில் இருக்கும் முகமும் ஆளின் முகமும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு லிங்கி என்ற ஊர்ப் பக்கம். ஊர் இருந்த நிலையில் பெண் பார்க்கக்கூட வரவில்லை. போட்டோவைப் பார்த்தே சம்மதம் ஆகிவிட்டது. (அக்கா சம்மதித்தது அந்த மீசைக்குத்தான் என்பது என் கணிப்பு.)

மாப்பிள்ளையை அழைத்துவரப் பெண்ணின் தம்பி போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் மந்தினில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். அவருக்குச் சவரம் செய்ய வரவேண்டிய நாவிதர் சாலைச் சோதனையில் மாட்டிக்கொண்டார். "நான் இருக்கேன்ல அத்தான்" என்றேன். வீட்டில் மழுங்கின சவரக்கத்தி ஒன்று இருந்தது. கடைக்கு ஓடித் தீட்டுக்கல் வாங்கினேன். ஒரு பக்கம் 240, மறுபக்கம் 1000 என்று பொறித்திருந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு, எந்த நாட்டு பாஷையிலிருந்தோ தமிழுக்கு இழுத்து வரப்பட்டது:

"எண் குறைந்தால் மிருதுவான விளிம்பு உண்டாகும். எண் பெருத்தால் முரட்டு வேலை. முகத்துக்கு மகிழ்ச்சி நிச்சயம்."

விஷயம் நேர்மாறு. சல்லடையில் கண்கள் கூடக் கூட மாவு நைஸாகும். கல்லின் எண்ணும் அப்படித்தான். 240 பக்கத்தைத் தடவினால் அம்மி மாதிரி சொரசொரத்தது. ஆனால் அச்சில் வந்த தமிழை எதிர்த்துப் பேசும் பழக்கம் என் விரலுக்கு இல்லை. கத்தியை அந்தப் பக்கத்திலேயே தீட்டி, அத்தான் கன்னத்தில் வைத்தேன்.

"தம்பி, எரியுதுப்பா."

"புதுக் கல்லு, அப்படித்தான் இருக்கும் அத்தான்."

மீசை ஓரத்தை ஒதுக்கப் போனேன். கத்தி முடியைக் கவ்வியது, அத்தான் துள்ளினார், என் கை சறுக்கியது. இடப்பக்க மீசை போய்விட்டது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். அரை மீசையோடு தாலி கட்ட முடியாது என்பதால் வலப்பக்கத்தையும் எடுத்தேன். ரத்தம் நிற்க அந்தச் சீட்டையே கிழித்துக் கன்னமெங்கும் ஒட்டினேன்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது கேட்டில் நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இனி பூக்கான் டியா லா" என்று, இவன் அவனில்லை என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். முகமெல்லாம் காயத்தோடு ஒருவன் அடுத்தவன் அட்டையில் நுழைகிறான் என்றால் அன்றைக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: காட்டிலிருந்து வருகிறான். உள்ளே மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. நாங்கள் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. பெண்ணையே கூப்பிடச் சொன்னார்.

அக்கா கல்யாணப் புடவையோடு வேலியோரம் வந்தாள். போலீஸ்காரர் கேட்டதைத் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தமிழில் கேட்டார்.

"இவருதான் மாப்பிள்ளையாம்மா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "தெரியலைங்களே" என்றாள்.

அத்தான் கன்னத்திலிருந்து சீட்டுத் துண்டு ஒன்று கழன்று விழுந்தது.

பிறகு அவள் அந்த அட்டையைக் கேட்டு வாங்கினாள். போட்டோவில் இருந்த மீசையைக் கட்டைவிரலால் மூடினாள். அவர் மூக்கைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். ஒரு கல்யாணப் பெண் மாப்பிள்ளையை ஊர் முன்னால் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

"இவருதாங்க. கேட்டைத் திறங்க" என்றாள்.

தாலி நேரத்துக்கு ஏறியது. மீசை மறுபடி வளர்ந்து, இப்போது நரைத்தும்விட்டது. இன்றும் நான் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினால் அத்தான் சட்டென்று உள்ளங்கையால் மீசையை மூடிக்கொள்வார்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆங், இப்பத்தான் ஆளு யாருன்னு தெரியுது" என்பாள்.