சந்தனமா, பிஸ்கட்டா?

பல் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டில் ஒரு சுவராவது தன் இஷ்டத்துக்கு இருந்தாக வேண்டும்.

திரைச்சீலை, சோபா, ஏன், அவர் போட்டிருக்கும் சட்டைகூட மனைவியின் தேர்வு. போகட்டும். ஆனால் மகன் தனிக்குடித்தனம் போய்க் காலியான இந்த அறை அப்படியல்ல. கிளினிக்கை மூடிவிட்டு இனி அவர் உட்காரப்போவது இங்கேதான். சுவரில் பெயின்டர் இரண்டு பட்டைகள் அடித்துக் காட்டியிருந்தார். ஒன்று சந்தனம், இன்னொன்று பிஸ்கட். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆயுசு முழுக்கப் பொய்ப்பல்லுக்கு நிறம் பார்த்தவருக்கு அப்படியா? சந்தனத்தைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. பிஸ்கட்டைப் பார்த்தால் கறை பிடித்த கடைவாய்ப் பல் ஞாபகம்தான் வந்தது.

சந்தனம் வேண்டும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நடக்குமா? அவர் கிழக்கே என்றால் அவள் மேற்கே என்பாளே! மனுஷர் மூளையைக் கசக்கினார்.

"ஏம்மா, பிஸ்கட் எவ்வளவு அம்சமா இருக்கு பாத்தியா?"

"அப்படியா?"

"சந்தனம் சகிக்கல. அதை அடிச்சா இந்த ரூமுக்குள்ள நான் காலே வைக்க மாட்டேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா!"

மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெயின்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அண்ணே, பிஸ்கட்டே அடிச்சிடுங்க. அவரு ஆசைப்படுறாரு."

டாக்டருக்குப் பகீரென்றது. "இல்லம்மா... உனக்குப் புடிக்கலன்னா..."

"எனக்கென்னங்க? உங்க ரூம், உங்க இஷ்டம்."

சாயங்காலத்துக்குள் நாலு சுவரும் பிஸ்கட். நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவருக்கு, யாரோ ஒருவரின் வாய்க்குள்ளேயே குடிவந்துவிட்டது போலிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது இந்த ஒரு தடவைதான். அதையும் ஒரு பொய்யில் தொலைத்துவிட்டோமே!

மனைவி டீயோடு வந்தாள்.

"சந்தனந்தானே வேணும் உங்களுக்கு?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரியுமா?"

"எனக்கே பிஸ்கட் போடப் பாத்தீங்களே, தெரியாதா? எனக்கும் சந்தனந்தான் புடிச்சிருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா இதை அடிக்கச் சொன்ன?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பெயின்ட் டப்பாவைத் திறக்கிற வரைக்கும் பாத்தேன். ஊரையே வாயைத் திறக்கச் சொல்றவரு, வீட்ல ஒரு தடவை உங்க வாயைத் திறந்திருக்கலாமில்ல?"