நான் பிச்சை எடுக்கப் போன சனிக்கிழமை

பிச்சை கேட்டு வருகிறவர்களிடம் நேர்காணல் நடத்தும் பழக்கம் எனக்கு இருந்தது. வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள் என்பதால், நானே முந்திக்கொள்கிறேன்.

கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் எனக்கு வேலை. வருகிற சாமான் ஒவ்வொன்றையும் அளந்து, தட்டி, தண்ணீரில் முக்கிப் பார்த்த பிறகே உள்ளே விடுவேன். அதே புத்தி வீட்டு கேட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது ‘அம்மா, தாயே’ என்று வந்து நின்றால், ஊர் எது, மகன் இருக்கிறானா, இருந்தால் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை, கால் நிஜமாகவே வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்பேன். பாதிப் பேர் மூன்றாவது கேள்வியிலேயே நடையைக் கட்டிவிடுவார்கள். (பதில் இல்லை, அதனால் பொய்.) மீதிப் பேர் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். (இவ்வளவு சரளமாகப் பதில் வருகிறது, அதனால் இதுவே தொழில்.) ஆக, என் சோதனையில் ஒருத்தர்கூடப் பாஸானதில்லை.

ஒருமுறை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் கை நீட்டினார். “ஞாயித்துக்கெழம வாங்க, எங்க ஊட்டுத் தண்ணித் தொட்டியக் கழுவோணும், கூலி தாரேன்” என்றேன். “நீங்க போயி தொட்டியத் தொறந்து வெய்யுங்க கண்ணு, வாரேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரைக்கும் தொட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என் விலாசத்தையே கேட்கவில்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

என் வீட்டுக்காரர் ரங்கசாமி இதற்கு நேர் எதிர். சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் சட்டைப்பையில் கை விட்டு, வருவதைப் பார்க்காமல் போடுவார். ஒருநாள் சில்லறையோடு பட்டறைச் சாவியும் போய்விட்டது. வாங்கிய அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அதுவும் நடிப்புதான் என்று அன்றைக்கு ராத்திரி வரை வாதாடினேன். (எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். சண்டை மட்டும் தமிழில், அக்கம்பக்கத்தார் நியாயம் சொல்ல வசதியாக இருக்கும் என்று.)

இப்படிப்பட்ட என்னைக் காலனி நலச்சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினால் என்ன நடக்குமோ அது நடந்தது. ‘யாசகம் கேட்போரை எதிர்கொள்வது எப்படி’ என்று ஒரு சுற்றறிக்கை எழுதினேன். ஐந்து விதிகள். கேட்டைத் திறக்காமல் பேச வேண்டும். காசோ பொருளோ தரக்கூடாது. ஆதார் கார்டு கேட்க வேண்டும். ஏதாவது வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் நகராவிட்டால், ஆதரவற்றோரை அழைத்துப்போய்ப் பராமரிக்கும் டிரஸ்டுக்குப் போன் செய்ய வேண்டும். நம்பரையும் கீழே போட்டிருந்தேன். அது பிளெக்ஸாகி காலனி வாசலில் ஏறியது. சுற்றுவட்டாரக் காலனிச் செயலாளர்கள் எல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் நானே பெருமையாகப் போட்டேன். ஆளாளுக்கு அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஆண்டு விழாவில் எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். காலனி வாட்ச்மேன் மருதாசலத்தைக் கூப்பிட்டு, ஒரு பிச்சைக்காரர் உள்ளே வந்தாலும் உங்களுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லி வைத்தேன்.

அந்த ஆவணியில் எனக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் தடதடவென்று இறங்கி, இரண்டு நாள் நான் நினைவில்லாமல் கிடந்தேனாம். பிழைத்து வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்த பிறகு, வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார்.

“பத்மா, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காத.”

“சொல்லுங்க.”

“ஆஸ்பத்திரில காரமடை ரங்கநாதருக்கு வேண்டிக்கிட்டேன். நீ பொழச்சு வந்தா, பொரட்டாசிச் சனிக்கெழம ஏழு ஊட்டுல மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசில பொங்க வெச்சுப் படைக்கறதா.”

“நல்லதுங்க. எடுங்க.”

“நானில்ல. நீ.”

முந்தானையை ஏந்தி வீடு வீடாக அரிசி கேட்பதுதான் மடிப்பிச்சை. வசதியான வீட்டுப் பெண்களும் வேண்டுதலுக்காக எடுப்பதுண்டு. ஆனால் அடுத்தவர் தலையில் வேண்டுதலைக் கட்டுவதற்கு ஒரு வரைமுறை வேண்டாமா? “வேண்டுனது நீங்க, எடுக்கறது நானா? நீங்களே எடுத்தா ஆகாதா?” என்று கேட்டேன்.

“எனக்குக் கேக்கறது ஒரு கஷ்டமா? கஷ்டமா இருக்கறதச் செஞ்சாத்தான் சாமிக்கு நேர்த்தி” என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று என் மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மஞ்சள் சேலை கட்டிக் கிளம்பும்போது அடுத்த இடியை இறக்கினார். நான் அரிசி கொண்டுவந்து, பொங்கல் வைத்து, சாமிக்குப் படைக்கிற வரைக்கும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. காலை மாத்திரையையும் பழக்க தோஷத்தில் போட்டுவிட்டிருந்தார். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அவருக்குக் கை நடுங்கும், வேர்க்கும், தலை சுற்றி விழுந்தும் இருக்கிறார்.

“ஒம்பது மணிக்குள்ள வந்துருவேன். பேசாம உக்காந்திருங்க” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் காலனியிலேயே ஏழு கதவைத் தட்டியிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் நான் எழுதிய பிளெக்ஸுக்குக் கீழே நான் எப்படி மடியேந்துவது? கௌரவம் விடவில்லை. என்னை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, ரயில்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக்கு நடந்தே போனேன். பிச்சைக்குப் போகிறவள் செல்போன் வைத்திருந்தால் நன்றாக இருக்காது என்று அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

முதல் வீட்டில் கேட் திறக்கவில்லை. மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். “வேண்டுதலுங்க, மடிப்பிச்சைங்க” என்றேன்.

“ஆதார் கார்டு இருக்குதுங்களா?”

எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. என் குரல்தான்.

இரண்டாவது வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அரிசியெல்லாம் கெடக்கட்டும், மாட்டுக்கொட்டாயக் கூட்டித் தர்றீங்களா?” என்றார். மூன்றாவது வீட்டில், வலது கையில் ஊசி குத்திய கறுப்புத் தழும்பைப் பார்த்து, “இதென்னங்க?” என்றார்கள். டெங்கு என்றேன். கதவு சாத்திக்கொண்டது. நாலாவது வீட்டில் வேண்டுதலுக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். சாமி ரசீது கொடுப்பதில்லை என்று கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன். பிச்சை கேட்பவள் காரமாகப் பேசக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

ஐந்தாவது வீட்டில் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டி, வாசலில் லேமினேட் செய்து தொங்கவிட்டிருந்த தாளை எனக்கே வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். விதி ஒன்று. விதி இரண்டு. எனக்குத் தாங்கவில்லை.

“சார், இத எழுதுனதே நானுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எழுதுனவங்க நல்லாப் படிச்சவங்கம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்க.”

“அது நான்தானுங்க சார். சால்வையெல்லாம் போட்டாங்க.”

அவர் முகத்தில் அப்படியொரு இரக்கம் வந்தது. என்னைத் திண்டாட விடாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் உள்ளே போய் விதி ஐந்தின்படி டிரஸ்டுக்குப் போன் செய்தார். மனுஷர் ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தார், குவாலிட்டியில் குறை சொல்ல முடியாது.

கிளம்பலாம் என்று எழுந்தால், “இருங்கம்மா, அரிசி எடுத்துட்டு வாராங்க” என்று உட்கார வைத்தார். நம்பி உட்கார்ந்தேன். வந்தது வேன். ஒரே மாதிரி டீ-சர்ட் போட்ட ஒரு பெண்ணும் ஒரு பையனும் இறங்கினார்கள். கல்லூரி முடித்த வயது, தங்கமான பிள்ளைகள்.

“பயப்படாதீங்கம்மா. தலைக்கு ஊத்தி, நல்ல துணி குடுத்து, சாப்பாடு போடறோம்” என்றாள் அந்தப் பெண்.

“நான் காலைலயே தலைக்கு ஊத்திட்டேன். பம்ப் கம்பெனில குவாலிட்டி சீனியர் நான்.”

“சரிங்கம்மா.”

“எங்க காலனிக்கு நான் செயலாளரு.”

“சரிங்கம்மா.”

“ஊட்டுல அவரு பட்டினியா உக்காந்திருக்காரு, அவருக்குச் சர்க்கரை, நான் அரிசி கொண்டுபோயே ஆகோணும்.”

“சரிங்கம்மா, வேன்ல போய் சொல்லுங்க, எல்லாம் எழுதிக்கறோம்.”

என்ன சொன்னாலும் ‘சரிங்கம்மா’ என்கிற ஒருத்தரை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. வேனில் ஏறாமல் நின்றுகொண்டு, என் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தேன். கூப்பிட்டார்கள், அவர் எடுக்கவில்லை. மணி பதினொன்றாகிவிட்டது. அவர் விழுந்து கிடக்கிறாரோ என்று, திரும்பத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன்.

அவர் போனை எடுக்காததற்குக் காரணம், வண்டியில் வந்துகொண்டிருந்ததுதான். மேனேஜர் எடுத்த போட்டோ குழுவுக்குக் குழு தாவி, ‘எச்சரிக்கை: வேண்டுதல் என்று சொல்லி வீடு வீடாக வரும் மஞ்சள் சேலைப் பெண்’ என்று, தெருப் பெயரோடு எங்கள் காலனிக் குழுவுக்கே வந்துவிட்டிருந்தது. அவர் பார்த்திருக்கிறார். மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“என்ற சம்சாரமுங்க அது” என்றார் வந்து இறங்கியதும்.

டிரஸ்டுப் பெண் அவரைக் கோபமாகப் பார்த்தாள். “இவங்களை இப்படித் தெருவுல விட்டுட்டீங்களே, ஊட்டுல வெச்சுப் பாத்துக்க முடியாதுங்களா?”

 வேர்வையில் அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மொபெட் ஸ்டாண்டைப் போட முடியாமல் கை நடுங்கியது. அந்தப் பெண் பதறிப்போய் பிஸ்கட் கொடுத்தாள். “இல்லீங்க, சாமிக்குப் படைக்காமச் சாப்பிடறதில்லீங்க” என்று கையை விலக்கிவிட்டு, காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. செயலாளரும் போயிற்று, சீனியரும் போயிற்று. எதிர் வீட்டு கேட்டைப் போய் ஆட்டினேன். மாவு பிசைந்த கையோடு ஒரு பெண் வந்தாள்.

“ஏனுங்க அம்மணி, என்ற ஊட்டுக்காரரு இன்னும் சாப்பிடலீங்க. ஏழு ஊட்டு அரிசி வேணுமுங்க. கொஞ்சம் போடுங்க” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு சொம்பு அரிசியும் ஒரு வெல்லக்கட்டியும் கொண்டுவந்து என் முந்தானையில் போட்டாள். காலையிலிருந்து விசாரணையாகவே பார்த்திருந்த எனக்கு நம்ப முடியவில்லை. “நீங்க ஒண்ணுமே கேக்கலீங்களே?” என்றேன்.

“கேக்க ஆரம்பிச்சா அப்பறம் குடுக்கத் தோணாதுங்க” என்றாள். பிறகு பக்கத்து வீட்டுச் சுவர் மேல் எட்டி, “அக்கா, கொஞ்சம் அரிசி கொண்டு வாங்க” என்று குரல் கொடுத்தாள். அந்த அக்கா அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். பத்து நிமிஷத்தில் ஏழு வீட்டு அரிசியும் மடியில் சேர்ந்தது. ஏழாவதாகப் போட்டது பேங்க் மேனேஜர். கூச்சத்தோடு ஒரு படியாகவே கொட்டினார்.

வெல்லத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். “படைச்சுப்போட்டுத்தான்” என்று முனகினார்.

“என்னைப் பிச்சை எடுக்க வெச்ச சாமிகிட்ட நானே சொல்லிக்கறேன். வாயத் தொறங்க” என்றேன். நான் போட்ட சத்தத்தில் அந்தத் தெருவில் இருந்த எல்லோருமே வாயைத் திறந்திருப்பார்கள். அவர் திறந்தார். வெல்லம் கரைந்து, கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது. அதுவரைக்கும் நான் அவர் தோளை விடவில்லை.

மயக்கம் வந்தவரை மொபெட் ஓட்ட விட மாட்டோம் என்று டிரஸ்டுப் பிள்ளைகள் எங்கள் இருவரையும் வேனில் ஏற்றினார்கள். அப்படித்தான் நான் ‘ஆதரவற்றோர் மீட்பு வாகனம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய வேனில், மடி நிறைய அரிசியோடு, என் பிளெக்ஸுக்குக் கீழே வந்து இறங்கினேன். போட்டோவைப் பார்த்துவிட்டுக் காலனியே வாசலில் கூடியிருந்தது. மருதாசலம் வேனை மறித்து, என் மடியை எட்டிப் பார்த்துவிட்டு, நெளிந்தார்.

“ஏனுங்க மேடம், நீங்க மட்டும்னா உள்ள போலாமுங்க. இது பிச்சை எடுத்த அரிசிங்களா? என்ற வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?”

பொங்கல் வைத்தோம், படைத்தோம், மருதாசலத்துக்கு முதல் இலை போட்டோம். அடுத்த வாரம் பிளெக்ஸை நானே கழற்றினேன்.

ஆனால் டிரஸ்டு பதிவேட்டிலிருந்து என் பெயரைக் கழற்ற முடியவில்லை. ‘மீட்கப்பட்டவர்: பத்மா. பெற்றுக்கொண்டவர்: கணவர்’ என்று எழுதி அன்றைக்கே இவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மீட்கப்பட்டவர்களை வருடத்துக்கு ஒருமுறை விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். ஒவ்வொரு புரட்டாசிக்கும் தவறாமல் போன் வருகிறது. இவர் உடனே ஸ்பீக்கரில் போடுவார், மகள் சமையலறையிலிருந்து ஓடிவருவாள், தீபாவளிப் பலகாரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வருகிற பண்டிகை அதுதான்.

“அம்மா எப்படி இருக்காங்க சார்?” என்று அந்தப் பெண் அக்கறையாகக் கேட்பாள்.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். “இன்னும் முழுசா கொணமாகலீங்க. ஆனா கேள்வி கேக்கறது மட்டும் ரொம்பக் கொறஞ்சிருக்குதுங்க.”